வினைச்சொல்லுக்கு முன் ஒரு மூச்சு

துணிக்கடையின் கீழ்த்தளத்தில் இருந்தது அந்த அறை. ஜன்னல் கிடையாது. இரண்டு தையல் மெஷின், துணி ஓரம் அடிக்கிற ஒரு ஓவர்லாக், சுவரோரமாக நீராவி இஸ்திரி மேசை, கம்பியில் வரிசையாகத் தொங்கும் பேன்ட்டுகள். மேலே கடையில் வாடிக்கையாளர் போட்டுப் பார்த்துப் பிடித்துப்போனதெல்லாம் குண்டூசி குத்திக்கொண்டு கீழே வரும். கால் குறைந்து, இடுப்புப் பிடித்து, மறுபடி மேலே போகும். வெட்டுவதும் தைப்பதும் மாஸ்டர் வேலை. தேய்த்து மடிப்பு வைத்துக் கொடுப்பது இஸ்திரி அக்கா வேலை. மாஸ்டருக்கு நாற்பது தாண்டிக் கொஞ்ச காலமாகிறது. அக்கா நாலு பிள்ளை பெற்று ஆளாக்கிவிட்டு வேலைக்கு வந்தவள். கடையில் தமிழ் பேசுகிறவர்கள் அவர்கள் இரண்டு பேர்தான். அதனால் கீழே என்ன பேச்சு நடக்கிறது என்று மேலே யாருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள யாரும் ஆசைப்பட்டதும் இல்லை.

மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும்போதே மாஸ்டர் போனின் ஒயரைக் காதில் மாட்டிக்கொள்வார். இங்கே உச்சிவேளை என்றால் ஊரில் பொழுது சாய்கிற நேரம். ஊர் வானொலியில் வட்டாரச் செய்தி வரும். அணையில் எவ்வளவு தண்ணீர், எந்த ரோடு எப்போது மூடப்படும், சந்தையில் என்ன விலை, மழை உண்டா இல்லையா. அதில் எதுவும் அவருக்கு ஆகவேண்டியதில்லை. இருந்த வீட்டையும் விற்றாயிற்று. வாசிக்கிற குரலுக்காகத்தான் கேட்டார். வாசித்தவள் பத்து வருஷம் அவருக்குப் பெண்டாட்டியாக இருந்தவள்.

கல்யாணம் ஆனபோதே அவள் வானொலியில் தற்காலிகமாகச் செய்தி வாசித்துக்கொண்டிருந்தாள். வீட்டில் பழைய செய்தித்தாளை வைத்துக்கொண்டு சத்தம் போட்டு வாசித்துப் பழகுவாள். டெண்டர் விளம்பரத்தைக்கூட விடமாட்டாள்.

"வாக்கியத்துக்கு நடுவுல மூச்சு வாங்கக் கூடாது. வாங்கினா கேக்கிறவங்களுக்குப் பயம் வந்துடும்" என்பாள்.

வாக்கியம் எவ்வளவு நீண்டாலும் சரி, கடைசியில் வருகிற வினைச்சொல்லைத் தொட்ட பிறகுதான் அவளுக்கு மூச்சு. மாஸ்டர் மெஷினிலிருந்து காலை எடுத்துவிட்டு, "இப்ப விட்டுடுவ, இதோ விட்டுடுவ" என்று சீண்டுவார். அவள் ஒரு கையால் அவரை அடக்கிக்கொண்டே வாசித்து முடித்து, அப்புறம்தான் சிரிப்பாள். அந்த நாட்களில் கேட்டுக் கேட்டு அவளுடைய குரல் அவருக்கு அளவெடுத்த துணி மாதிரி ஆகிப்போனது. சளி பிடித்திருந்தால் தெரியும். முந்தின ராத்திரி தூங்கவில்லை என்றால் தெரியும். யாரிடமோ கோபப்பட்டுவிட்டு நேராக வந்து மைக் முன்னால் உட்கார்ந்திருந்தால் அதுவும் தெரியும். பிரிந்து வந்த பிறகும் அந்தக் கணக்குத் தப்பவில்லை. இஸ்திரி அக்காவிடம்கூட அவர் இதையெல்லாம் சொன்னதில்லை. ஊர் ஞாபகத்துக்கு ரேடியோ கேட்கிறார் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

ஒரு மத்தியானம் குரல் வரவில்லை, போன் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. பிறகு ஒரு வரி வந்தது. இந்த ஒலிபரப்பு நீங்கள் இருக்கும் பகுதியில் கிடைக்காது.

நெட் கோளாறு என்று நினைத்து, பின்படி ஏறி, குப்பைத் தொட்டிகள் வைத்திருக்கும் சந்துக்குப் போய், போனை உயர்த்திப் பிடித்துப் பார்த்தார். அதே வரி. மறுநாளும் அதே வரி. டப்பாவில் இருந்ததைப் பாதிக்கு மேல் சாப்பிட முடியவில்லை.

"பாட்டு உரிமைத் தகராறாம்" என்றாள் அக்கா. "என் மூத்தவன் சொன்னான். அந்த நாட்டுக்குள்ள இருக்கிறவங்க மட்டும்தான் கேக்கணுமாம். வெளியில இருக்கிறவனுக்குக் கிடையாதாம்."

"பாட்டுக்குத்தானே உரிமை? செய்திக்கு என்ன வந்துச்சு?"

"அதையெல்லாம் பிரிச்சுப் பிரிச்சா பூட்டுவாங்க? கதவை மொத்தமா சாத்துறதுதானே லேசு."

சாயங்காலம் வேலை விட்டதும் மாஸ்டர் தெருமுனைப் போன் கடைக்குப் போனார். கடைக்காரர் மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவைத்துக்கொண்டு எதையோ கிளறிக்கொண்டிருந்தார். அவரும் தமிழர்தான். விஷயத்தைக் கேட்டதும் போனை வாங்கி ஏதோ ஒரு செயலியை இறக்கினார். ஒரு பொத்தானை அமுக்கி, திருப்பிக் கொடுத்தார்.

"இனிமே உங்க போன் ஊர்ல இருக்கு. நீங்க மட்டும்தான் இங்க."

"தப்பில்லையே?"

"ரேடியோதானே கேக்கறீங்க? பேங்க்லயா கை வைக்கறீங்க?"

போன் நிஜமாகவே ஊருக்குப் போய்விட்டது. வீட்டுக்கு வெள்ளையடிக்க ஆள் வேண்டுமா என்று கேட்டது. பழைய மோட்டார் இருந்தால் எடுத்துக்கொள்கிறோம் என்றது. உங்கள் பகுதியில் நாளை மின்தடை என்று எச்சரித்தது. மாஸ்டருக்குக் கொஞ்சம் சிரிப்பு வந்தது. மறுநாள் மத்தியானம் டப்பாவைத் திறப்பதற்கு முன்பே காதில் ஒயர் ஏறிவிட்டது.

"வட்டாரச் செய்திகள். வாசிப்பது" என்று தொடங்கி அவள் தன் பெயரைச் சொன்னாள். பெயருக்கு முன்னால் யாரும் இல்லை, பின்னால் யாரும் இல்லை. அவருக்குப் பெண்டாட்டியாக இருந்தபோதும் அவள் வெறும் பெயரைத்தான் சொன்னாள். இப்போதும் அப்படித்தான்.

முதல் செய்தி முடிவதற்குள் மாஸ்டர் மெல்லுவதை நிறுத்திவிட்டார். ஏதோ சரியில்லை. "அணையின் மதகுகள் நாளை காலை" என்று சொல்லி, ஒரு மூச்சு எடுத்து, "திறக்கப்படும்" என்றாள். அடுத்த செய்தியிலும் அப்படியே. வினைச்சொல்லுக்கு முன்னால் ஒரு சின்ன மூச்சு. வேறு யாருக்கும் கேட்டிருக்காது. அவருக்கு ரெடிமேட் சட்டையில் தோள் இறங்கியிருப்பது கண்ணில் குத்துகிற மாதிரி குத்தியது.

சளி என்று நினைத்தார். சளி என்றால் 'ம' மூக்கில் மாட்டும், மாட்டவில்லை. ஒரு வாரம் போனது. மூச்சு குறைகிற வழியாய் இல்லை. இரண்டாவது வாரம் இன்னும் கூடியது. அவளுடைய அப்பா இருதய நோய்க்காரர், படி ஏறினால் நின்று நின்று ஏறுவார் என்பது ஞாபகத்துக்கு வந்ததும் அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. யாரிடமாவது கேட்டாக வேண்டும் போல இருந்தது.

"அக்கா, இதைக் கொஞ்சம் கேளுங்க" என்று ஒயரின் ஒரு பக்கத்தை நீட்டினார். "இவங்க மூச்சு வாங்கறாங்க பாருங்க. இது என்ன நோவா இருக்கும்?"

அக்கா கையைத் துடைத்துக்கொண்டு வந்து, ஒயரைக் காதில் செருகி, தலையைச் சாய்த்துக் கேட்டாள். இரண்டு செய்திதான் கேட்டிருப்பாள்.

"நோவா? நல்லாக் கேட்டீங்க போங்க. இந்தப் பொண்ணு முழுகாம இருக்கா."

மாஸ்டர் டப்பாவை மூடினார்.

"மாசம் ஏறிப்போச்சு. வயிறு மேல முட்டுற மாசத்துல இப்படித்தான், ரெண்டு வார்த்தைக்கு ஒருதரம் காத்து வேணும். என் மூணாவதுக்கு நான் போன்ல ஹலோ சொல்லவே உக்காந்துக்குவேன்." அக்கா ஒயரைத் திருப்பிக் கொடுத்தாள். "யாரு, தெரிஞ்சவங்களா?"

"இல்ல. ரேடியோல படிக்கிறவங்க."

"பாவம். இந்த நேரத்துல லீவு கொடுக்க மாட்டாங்களா?" என்றபடி அவள் மேசைக்குத் திரும்பினாள்.

சாப்பாட்டு நேரம் முடிந்து மாஸ்டர் முதலில் எடுத்த பேன்ட், யாரோ ஒருவர் புது வேலைக்குச் சேருவதற்காக அவசரமாகக் கேட்டிருந்தது. கால் அளவுக்குச் சாக்பீஸ் கோடு போட்டு வைத்திருந்தார். அந்தக் கோட்டுக்குக் கீழே மடிப்புக்கு விட்டுத்தான் வெட்ட வேண்டும். தொழில் பழக வந்த முதல் வாரத்திலேயே சொல்லிக்கொடுக்கிற விஷயம். மாஸ்டர் கோட்டின் மேலேயே கத்தரியை ஓட்டினார். ஒரு கால் வெட்டி முடிந்து, இரண்டாவது காலும் முடிந்த பிறகுதான் தரையில் விழுந்த துண்டின் நீளம் அவர் கண்ணில் பட்டது.

முதலாளி கீழே இறங்கி வந்தார். கத்தவில்லை. அவர் கத்துகிற ஆள் இல்லை. வெட்டின பேன்ட்டைத் தூக்கி விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்துவிட்டு, "உடம்பு சரியில்லையா?" என்று அவருடைய பாஷையில் கேட்டார். மாஸ்டர் தலையை ஆட்டினார். ஆமாமா இல்லையா என்று அவருக்கே தெரியாத மாதிரி ஒரு ஆட்டல்.

அவருக்கு உடம்பில் என்ன என்பதுதான் இப்போது தெரிந்துபோயிற்றே.

கல்யாணமாகி இரண்டாம் வருஷத்திலிருந்தே வீட்டில் பேச்சு ஆரம்பமாகிவிட்டது. அம்மா ஜாடையாகச் சொல்லுவாள். அக்கா, கூடப்பிறந்தவள், நேராகவே சொல்லுவாள். விசேஷ வீட்டுக்குப் போனால் கைக்குழந்தையை இவளிடம் கொடுக்கமாட்டாள். ஒருதரம் வாசலில் நின்றுகொண்டு நாலு பேர் காதில் விழுகிற மாதிரி அந்த ஒற்றை வார்த்தையைச் சொன்னாள். உள்ளே இவள் மறுநாள் நிலையத்துக்குக் கட்டிக்கொண்டு போகச் சேலையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். தேய்த்து முடித்துவிட்டுத்தான் பெட்டியை அணைத்தாள். மாஸ்டர் மெஷினில் இருந்தார். மெஷின் சத்தத்தில் காதில் விழவில்லை என்று வைத்துக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் இரண்டு பேரும் வரவேண்டும் என்று சொன்னார்கள். அன்றைக்கென்று கடையில் அவசர ஆர்டர் என்றார் மாஸ்டர். அடுத்த தடவையும் ஏதோ ஒன்று. அவள் தனியாகவே போய்விட்டு வந்து, "எனக்கு ஒண்ணும் இல்லைன்னு சொல்லிட்டாங்க. நீங்க ஒருதரம் வந்துடுங்க, போதும்" என்றாள். அவர் பாபினில் நூல் சுற்றிக்கொண்டே, "டாக்டருங்க அப்படித்தான் சொல்லுவாங்க. எனக்கென்ன, நான் நல்லாத்தானே இருக்கேன்" என்றார். அவள் இன்னொரு தடவை கேட்கவில்லை. வெளிநாட்டு வேலை வந்தபோது இரண்டு வருஷம் என்று சொல்லிப் போனார். அது நாலாகி, நாலு ஆறானது. நீ இங்கே வா என்று அவர் சொன்னார். நீங்க திரும்பி வாங்க என்று அவள் சொன்னாள். ஒருநாள் இரண்டு பேருமே சொல்வதை நிறுத்திவிட்டார்கள். விவாகரத்துக்குக் கையெழுத்துப் போடுவதற்குக்கூட அவர் ஊருக்குப் போகவில்லை. தாய்மாமாவை வைத்தே முடித்துக்கொண்டார்.

போன வருஷம் ஊரிலிருந்து அக்கா போனில் சொன்னாள். அவளுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதாம். பெண்டாட்டியைப் பறிகொடுத்த ஒரு வாத்தியாராம், பிள்ளைகுட்டி இல்லையாம். "கட்டிக்கிட்டு என்ன பண்ணப் போறாரோ" என்று ஒரு சிரிப்பு வேறு. மாஸ்டர் பேச்சை மாற்றினார். ஆனால் அங்கேயும் அதே கதைதான் நடக்கும் என்று ஒரு நினைப்பு அவர் மனசின் அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. அதை அவர் வெளியே எடுத்துப் பார்த்ததில்லை. அதன்மேல் தலைவைத்துத்தான் இத்தனை நாள் தூங்கினார்.

இப்போது அவளுடைய மூச்சு தினமும் மத்தியானம் அவர் காதுக்குள் வந்து பதில் சொல்லிவிட்டுப் போனது. கேட்காமல் இருந்திருக்கலாம். ஒரு நாள்கூட அவரால் முடியவில்லை. வாக்கியங்களை அவள் சின்னதாக்கிக்கொண்டாள் என்பதைக் கவனித்தார். நீளமான ஒன்றை நடுவில் உடைத்து இரண்டாக்கிப் படித்தாள். ஒருநாள் "சந்தை நிலவரம்" என்று சொல்லிவிட்டு நின்றேவிட்டாள். காகிதம் புரளுகிற சத்தம் மட்டும் வந்தது. பிறகு "மன்னிக்கவும்" என்று தொடர்ந்தாள். அந்த இடைவெளியில் மாஸ்டர் மெஷின் பலகையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.

அடுத்த வாரம் அவள் இல்லை. வேறொருவன் வாசித்தான். புதுசு. யாரோ துரத்துகிற மாதிரி வாசித்தான். அவள் இந்நேரம் ஆஸ்பத்திரியில் இருப்பாள் என்று மாஸ்டர் நினைத்தார். பிரசவத்தில் எத்தனையோ நடக்கலாம், அவளுக்கு வயசும் கொஞ்சம் ஏறித்தான் இருக்கிறது என்றும் நினைத்தார். நல்லதாய் ஒரு செய்தி வருமா, கெட்டதாய் வருமா என்று அந்தப் புதுப் பையன் வாசிப்பதை ஒரு வரி விடாமல் கேட்டார். செய்தி வாசிக்கிறவளுக்குப் பிள்ளை பிறந்ததை யார் செய்தியில் சொல்லப்போகிறார்கள்?

அந்தச் சமயம் பார்த்து ஒலிபரப்பு மறுபடி நின்றது. அதே வரி வந்தது. போன் கடைக்காரர் உதட்டைப் பிதுக்கினார்.

"அவங்களும் சும்மா இருப்பாங்களா? இந்த வழியா ஆள் உள்ள வர்றதைக் கண்டுபிடிச்சு அடைச்சுட்டாங்க. வேற வழி போட்டுத் தர்றேன். அதையும் ஒருநாள் அடைப்பாங்க. திருடன் போலீஸ் ஆட்டம்தான்." பொத்தான்களை அமுக்கிக்கொண்டே கேட்டார். "அப்படி என்ன கேக்கறீங்க அதுல? பாட்டா?"

"செய்தி."

"செய்தியா? அதுக்கா இந்தப் பாடு?" என்று அவர் மாஸ்டரை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

புது வழியில் குரல் விட்டுவிட்டு வந்தது. வந்தவரைக்கும் அந்தப் பையன்தான்.

லீவு நாளில் மாஸ்டர் ஊருக்கு, அக்காவுக்குப் போன் போட்டார். சுற்றி வளைத்தார். மருமகன் எப்படி, முழங்கால் வலி எப்படி என்றெல்லாம் கேட்டுவிட்டு, கடைசியில் மென்று முழுங்கிக்கொண்டு, "அவளுக்குக் குழந்தை பொறந்திருக்குமே, ஏதாவது தெரியுமா?" என்றார்.

"எவளுக்கு?"

"அவளுக்குத்தான்."

"அவளுக்கா? குழந்தையா?" அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. "யாரு உனக்கு இந்தக் கதையைச் சொன்னது? அவளுக்கு எப்படி..."

அவள் பேச்சு அங்கேயே நின்றது. மாஸ்டர் போனைக் காதோடு அழுத்திக்கொண்டார். அந்தப் பக்கம் ஒரு கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. அக்கா திரும்பிப் பேசியபோது குரல் தணிந்திருந்தது.

"நிஜமாவா?"

"ஆமா."

"அப்படின்னா..." என்று இழுத்தாள்.

"ஆமாக்கா. குறை என்கிட்டதான்."

"சும்மா இரு. போன்ல பேசற பேச்சா இது?" அவள் அவசரமாகச் சொன்னாள். "அந்த வாத்தியார் ஏதாவது வைத்தியம் பண்ணியிருப்பாரு. இந்தக் காலத்துல என்னென்னமோ இருக்கு. நீ எதையாவது நினைச்சுக்கிட்டு வெளியில உளறி வைக்காதே. அம்மா இல்ல இப்ப. இருக்கிற பேரையாவது விட்டு வைப்போம்."

"வாசல்ல நின்னு நீ அவளைச் சொன்னது ஞாபகம் இருக்கா?"

"நான் மட்டுமா சொன்னேன்? ஊரே சொல்லுச்சு. நீ வாயைத் திறந்தியா?"

அக்கா ரொம்ப நேரம் தன் முழங்காலைப் பற்றிப் பேசிவிட்டு வைத்தாள். ஆனால் விசாரிக்காமல் இருக்கவும் அவளால் முடியவில்லை. சில நாள் கழித்து அவளே கூப்பிட்டு, பொண்ணு பிறந்திருக்கிறது, ஆபரேஷன், தாயும் பிள்ளையும் சுகம் என்று ஒப்பிக்கிற மாதிரி சொன்னாள். சொல்லிவிட்டு, "அவ்வளவுதான். இத்தோட விட்டுடு" என்றாள்.

மாஸ்டருக்கு நெஞ்சில் இருந்த பயம் போனது. பயம் இருந்த இடம் காலியாகவே கிடந்தது. அறைக்குப் போனார், சமைத்தார், சாப்பிட்டார். அவர் தங்கியிருந்தது இன்னும் மூன்று பேரோடு. கட்டிலுக்குக் கட்டில் ஒரு முழம்தான் இடைவெளி. பக்கத்துக் கட்டில்காரர் தன் மகனோடு வீடியோவில் பேசிக்கொண்டிருந்தார். பையன் பல் விழுந்த வாயைக் காட்டினான். மாஸ்டர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

மாசங்கள் போயின. கடையில் குளிர்காலத் துணி போய் வெயில் காலத் துணி வந்தது. ஒருநாள், "வட்டாரச் செய்திகள். வாசிப்பது" என்று தொடங்கி, அவளே தன் பெயரைச் சொன்னாள்.

நீளமான வாக்கியங்களைத் தொடுத்து, உடையாமல் கொண்டுபோய், வினைச்சொல்லில் இறக்கி வைத்தாள். மூச்சு பழைய இடத்துக்குத் திரும்பியிருந்தது. ஆனால் குரலில் வேறு என்னமோ ஒன்று சேர்ந்திருந்தது. தூக்கம் கெட்ட குரல் என்றால் அவருக்குத் தெரியும். இது அது மட்டுமில்லை. கோபமா என்று பார்த்தார், இல்லை. சந்தோஷமா என்றால், அவளுடைய சந்தோஷத்தை அவர் கேட்டதே பிரிவதற்குப் பல வருஷம் முன்னால்தான்; அதன் அடையாளம் மறந்துபோயிருந்தது. இவ்வளவு காலத்தில் முதல் தடவையாக அந்தக் குரலைக் கேட்டு அவரால் ஒன்றும் சொல்ல முடியவில்லை.

அவளிடம் சொல்லிவிட வேண்டும் என்று அன்றைக்குத்தான் முடிவு செய்தார். என்ன சொல்வது என்று வார்த்தையாக ஒன்றும் இல்லை. குறை உன்னிடம் இல்லை என்று சொல்ல வேண்டும். அது அவளுக்கே தெரியும். அவளுக்கு எப்போதுமே தெரியும். ஆனாலும் தன் வாயால் சொல்ல வேண்டும் என்று இருந்தது.

மறுநாள் சாப்பாட்டு நேரத்துக்கு முன்னாலேயே சந்துக்கு வந்து, குப்பைத் தொட்டிகளுக்குப் பக்கத்தில் நின்று, வானொலி நிலையத்துக்குப் போன் போட்டார். யாரோ எடுத்து, செய்திப் பிரிவுக்கு மாற்றினார்கள்.

"வணக்கம், செய்திப் பிரிவு."

அவளேதான். ரேடியோவில் இல்லாமல், அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

"வணக்கங்க" என்றார் மாஸ்டர். சொன்ன பிறகுதான் அந்த 'ங்க' அவருக்கே உறைத்தது. "நான்தான்."

அந்தப் பக்கம் காகிதம் புரட்டுகிற சத்தம் நின்றது.

"தெரியுது" என்றாள் அவள். "சொல்லுங்க. யாருக்காவது உடம்பு சரியில்லையா?"

"இல்ல இல்ல. எல்லாரும் நல்லா இருக்காங்க. குழந்தை எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கா. யாரு சொன்னாங்க?"

"யாரும் சொல்லல. நீ படிக்கும்போது தெரிஞ்சுது. மூச்சு."

"இந்த ரேடியோ வெளிநாட்டுல எடுக்காதே. நிறுத்திட்டாங்களே."

"அதுக்கு வழி இருக்கு. ஒரு செயலி போட்டா ஊர்ல இருக்கிற மாதிரி காட்டும்."

"எவ்வளவு நாளா கேக்கறீங்க?"

அவர் யோசித்தார். பொய் சொல்ல ஒரு வார்த்தை வாய் வரைக்கும் வந்தது. "வந்ததுலேருந்து. தினமும்."

அந்தப் பக்கம் நாற்காலி நகர்ந்த மாதிரி ஒரு சத்தம். அவள் எழுந்து வேறு எங்கேயோ போகிறாள் என்று தெரிந்தது. கூடத்தில் இருந்த பேச்சுச் சத்தம் தேய்ந்தது.

"அக்காகிட்ட சொல்லிட்டேன்" என்றார் மாஸ்டர் அவசரமாக. "குறை என்கிட்டதான்னு சொல்லிட்டேன்."

"அவங்க என்ன சொன்னாங்க?"

"வெளியில சொல்லாதேன்னாங்க."

அவள் மூக்கால் ஒரு மூச்சு விட்டாள். சிரிப்புக்குப் பக்கத்தில் வந்துவிட்டுத் திரும்பிப் போன மாதிரி இருந்தது.

"சொல்ல வேண்டாம். இப்ப சொல்லி எனக்கு ஒண்ணும் ஆகப்போறதில்ல. எங்கம்மா இருந்தப்போ சொல்லியிருந்தா, அவங்க காதால கேட்டுட்டுப் போயிருப்பாங்க. கடைசி வரைக்கும் எனக்காக எந்த டாக்டரைப் பார்க்கலாம்னுதான் கேட்டுக்கிட்டே இருந்தாங்க."

"அவங்க போனது எனக்குத் தெரியாது."

"உங்களுக்கு ஏன் தெரியணும்?" அவள் குரலை உயர்த்தவில்லை. "இங்க பாருங்க. நான் தினமும் வந்து உக்காந்து படிக்கறேன். ஊர்ல யார் யாரோ கேக்கறாங்க. கடையில, பஸ்ல, வீட்டுல. அது என் வேலை. ஆனா நீங்க அங்க உக்காந்து என் மூச்சை எண்ணிக்கிட்டு இருந்தீங்கன்னு தெரிஞ்ச பிறகு நான் எப்படிப் படிக்கறது?"

"நான் தப்பா ஒண்ணும்..."

"தப்புன்னு சொல்லல. எனக்கு அது வேண்டாம். நீங்க கேக்காதீங்க. கேக்கறீங்களா இல்லையான்னு எனக்குத் தெரியப்போறதில்ல. இருந்தாலும் சொல்லிட்டேன்."

மாஸ்டர் "சரி" என்றார்.

"செய்திக்கு நேரமாச்சு. வெக்கறேன்."

வைத்துவிட்டாள். கடையின் பின்கதவைத் திறந்து யாரோ ஒரு அட்டைப் பெட்டியைச் சந்தில் போட்டுவிட்டுக் கதவை மூடினார்கள். மாஸ்டர் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார். பிறகு படியிறங்கி வந்து மெஷின் முன்னால் உட்கார்ந்தார். இஸ்திரி அக்கா சாப்பிட ஆரம்பித்திருந்தாள். மாஸ்டர் போனைக் கையில் எடுத்தார். செயலி திறந்தே இருந்தது. இணைக்கப்பட்டது என்று பச்சையாக எரிந்தது. வானொலியின் பொத்தானும் தயாராக நின்றது. அன்றைக்கென்று பார்த்து நெட் தங்கமாக வந்துகொண்டிருந்தது. போனைக் கவிழ்த்து வைத்தார். மறுபடி எடுத்தார். மறுபடி கவிழ்த்தார். பத்து நிமிஷம் அப்படியே போயிற்று.

அடுத்த நாள் அவர் கேட்டார். ஒரே ஒரு செய்திதான். அவள் பெயரைச் சொல்லும்போது ஒரு கணம் தயங்கினாள், தொண்டையைச் செருமிக்கொண்டாள். அவள் எப்போதும் மைக்கில் செருமமாட்டாள். வாசித்ததும் தட்டையாக, குரலைக் கையால் மூடிக்கொண்டு வாசிக்கிற மாதிரி இருந்தது. அவர் கேட்டுக்கொண்டிருப்பார் என்று நினைத்துத்தான் அவள் இப்படி வாசிக்கிறாள் என்பது மாஸ்டருக்குப் புரிந்தது. ஒயரைக் கழற்றிச் சுற்றி இழுப்பறைக்குள் போட்டார். அந்தச் செயலியையும் எடுத்துவிட்டார்.

பல நாள் கழித்துத்தான் இஸ்திரி அக்கா கவனித்தாள்.

"என்ன மாஸ்டர், இப்பல்லாம் ரேடியோ இல்லையா?"

"இல்லக்கா. மறுபடி அடைச்சுட்டாங்க."

"போன் கடைக்காரரைப் போய்ப் பாருங்களேன். அவருக்குத்தான் நூறு வழி தெரியுமே."

"பாத்தேன். இந்தத் தடவை அவராலயும் முடியாதாம்."

"அடப்பாவமே" என்றாள் அக்கா. "அந்தப் பொண்ணுக்கு என்ன குழந்தைன்னு தெரிஞ்சுக்கணும்னு இருந்தேன்."

மாஸ்டர் ஒரு கோட்டின் கைமடிப்பைப் பிரித்துக்கொண்டிருந்தார். நூல் இழை இழையாக வந்தது.

"பொண்ணு" என்றார்.

அக்கா நிமிர்ந்து பார்த்தாள். ஏதோ கேட்க வாயெடுத்தாள். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, கேட்காமல், நீராவிப் பொத்தானை அமுக்கினாள். மேசை முழுக்க வெள்ளையாக எழும்பியது. மாஸ்டர் பிரித்த நூலைத் திரட்டிக் காலடிக் கூடையில் போட்டுவிட்டு, கோட்டின் அடுத்த கையை எடுத்தார்.